இரவல் பாசி

ரைட்டர் என்னிடம் முதன்முதலில் பேசியது என் மேசை மேலிருந்த செடியைப் பற்றித்தான். நான் ஏற்காட்டுக்கு மாற்றலாகி வந்த புதிது. பென்ஷன் விஷயமாக வங்கிக்கு வந்தவர், எதிரே உட்கார்ந்ததும் இரண்டு விரல்களை நீட்டிச் செடியின் இலையொன்றைப் பிடித்து லேசாக நசுக்கினார். விரல்களை மோந்து பார்த்தார்.

“ஏனுங் மேடம், இது பொய்யிங்க.”

நானே அவரை ஏமாற்றிவிட்டதுபோல இருந்தது அவர் முகம். எனக்கு முன்னால் இருந்த அதிகாரி வாங்கி வைத்தது என்றேன்.

“பொய்யின்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“தெரியுங்க” என்றேன். தெரியாது. முந்தின நாள்தான் அதற்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றியிருந்தேன். மறுநாள் காலையில் அந்தப் பிளாஸ்டிக் செடி இருந்த இடத்தில் ஒரு மண் தொட்டியும் அதில் ஒரு பெரணிச் செடியும் இருந்தன. அட்டெண்டரைக் கேட்டேன். ரைட்டர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பழையதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போனார் என்றார். வங்கிச் சொத்தை ஒருவர் இப்படிக் குப்பையில் போடலாமா என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அவர் அப்படித்தான் என்பது ஊருக்கே தெரியும்போல.

எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் காலையில் ஆள் கணக்கு எடுத்து, யார் யார் எந்தக் காட்டில் காப்பிப் பழம் பறித்தார்கள் என்று பதிகிற குமாஸ்தா. அந்த வேலையிலேயே வாழ்க்கை முழுவதும் இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. “ரைட்டர் ஊடு” என்றால் கிளியூர்ப் பக்கம் போகிற எந்த வண்டிக்காரரும் வாசலில் இறக்கிவிடுவார். நானும் பெயரைச் சொல்லப்போவதில்லை.

அந்த வீட்டின் பக்கவாட்டில் இரண்டு அறைகள் வாடகைக்குக் காலியாக இருந்தன. பெரணிச் செடிக்கு நன்றி சொல்லப் போனவள் அங்கேயே குடிவந்துவிட்டேன். கொஞ்ச நாளில் ‘மேடம்’ போய் ‘கண்ணு’ ஆயிற்று. மரியாதை மட்டும் குறையவில்லை. அந்தப் பக்கத்துப் பேச்சில் கண்ணுவுக்கும் ‘ங்க’ உண்டு.

தொட்டுப் பார்ப்பது அவருக்கு வியாதி. கல்யாணத்துக்குப் போனால் வரவேற்பு வளைவில் இருக்கிற பூவைக் கிள்ளுவார். துணிப்பூ என்றால் பன்னீர் தெளிக்கிற பெண்ணிடமே, “ஏஞ் சாமி, பொய்ப்பூவுக்கு நெசப் பன்னீரா?” என்பார். கோயிலில் மாதா சொரூபத்துக்கு யாரோ பிளாஸ்டிக் மாலை போட்டிருந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் ஏறிக் கழற்றிவிட்டார். ஃபாதர் கூப்பிட்டுக் கேட்டார். “பெத்த தாய்க்குப் பொய்யைப் போடுவீங்களா ஃபாதர்?” என்று திருப்பிக் கேட்டார். ஃபாதர் பாவம், சின்ன வயசுக்காரர்.

“சேலத்துல துணிக்கடைக்குக் கூட்டிட்டுப் போனா மானத்தை வாங்கிருவாருங்க” என்பார் அவர் மனைவி ரைட்டரம்மா. “வாசல்ல சீலை கட்டி நிறுத்தியிருக்கற பொம்மை கையப் புடிச்சுப் பாக்கறாரு. கடைப் புள்ளைங்கெல்லாம் சிரிக்குது. என்னையவே கலியாணத்தன்னிக்குக் கிள்ளிப் பாத்தவருதானுங்க.”

“நெசமாத்தான் இருந்துச்சு” என்பார் அவர், சிரிக்காமல்.

சென்னையில் வளர்ந்த எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம். எனக்கும் பிளாஸ்டிக் ஆகாது. தேங்காய் நார்ப் பிரஷ், பாக்குமட்டைத் தட்டு, மண் பாட்டில், மரச்சீப்பு என்று எல்லாம் இயற்கையாக வாங்குகிற கட்சி நான். அது எந்த இயற்கையிலிருந்து வருகிறது என்று யோசிக்கிற கட்சி இல்லை. அப்போது நாங்கள் இருவரும் ஒரே ஜாதி என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை. வீட்டைவிட உயரம். மேலிருந்து எப்போதும் கசிவு இருக்கும். பாறை முழுக்கப் பாசி. நகரத்தில் குளத்துப் படிக்கட்டில் வழுக்குமே, அது இல்லை. விரலை வைத்தால் விரல் முழுகும், மெத்தை மாதிரி. பனிக்காலத்தில் மூடுபனியைக் குடித்துக் குடித்து அது கனத்துப்போய், அடியில் சொட்டுச் சொட்டாக ஒரு சிமெண்டுத் தொட்டியில் விடும். ரைட்டர் வீட்டுக்குக் குடிதண்ணீர் அந்தத் தொட்டிதான். சித்திரை வெயிலிலும் வற்றாது. பாசிக்குள்ளே நகத்தளவுத் தவளைகள் இருந்தன. கண்ணால் பார்ப்பது அபூர்வம். பொழுது சாய்ந்தால் டம்ளரை ஸ்பூனால் தட்டுகிற மாதிரி டிக் டிக் என்று சத்தம் மட்டும் வரும். முதல் வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு அது இல்லாமல் தூக்கம் வரவில்லை.

டிசம்பர் பிறந்தால் ரைட்டர் வேறு ஆளாகிவிடுவார். முன்னறை முழுவதும் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவார். கடையில் விற்கிற காகிதப் பாறை, பச்சைச் சாயம் போட்ட மரத்தூள் எதுவும் அந்தக் குடிலுக்குள் வராது. கல் என்றால் கல், வைக்கோல் என்றால் வைக்கோல். மாட்டுக் கொட்டகையில் நிஜ மாட்டின் வாசம் வரவேண்டும் என்று சாணி மெழுகுவார். தரைக்குப் பாசி.

அந்தப் பாசியை அவர் எடுக்கிற விதத்தைப் பார்க்கவேண்டும். தோசைக் கரண்டியைப் பாறைக்கும் பாசிக்கும் நடுவே நுழைத்துப் பாய் மாதிரி உரிப்பார். ஓர் இடத்தில் உரித்தால் பக்கத்து இடத்தை விட்டுவிடுவார். உரித்ததை மெதுவாக உதறுவார். “எந்திரிங்க, எந்திரிங்க. கொஞ்ச நாளைக்கு ஊடு வேணுமுங்க. பக்கத்து ஊட்டுல இருந்துக்குங்க.” தவளைகளிடம்தான் பேசுகிறார் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரிப்பார். பாசியை முறத்தில் அடுக்கி எடுத்துப்போய், உரித்த இடத்திலேயே கஞ்சித் தண்ணீர் தடவி ஒட்டி, உள்ளங்கையால் தட்டிக்கொடுப்பார். எந்தத் துண்டு எந்த இடம் என்பது அவருக்கு மறக்காது. கோடைக்குள் அது பாறையைப் பிடித்துக்கொள்ளும். அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்தப் பாசி வருஷா வருஷம் பெத்லகேமுக்குப் போய்விட்டு வருகிறது என்பார்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. வருகிறவர்கள் குடிலுக்கு முன்னால் குனிந்து பாசியைத் தொட்டு, “நிஜமா இது?” என்று கேட்கவேண்டும். அந்தக் கேள்விக்காகத்தான் அவ்வளவு பாடும்.

என்னைச் சென்னைக்கு மாற்றினார்கள். கிளம்பியது டிசம்பர் மாதம். நான் கிறிஸ்தவள் இல்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஈரச் சாக்கில் சுற்றி ஒரு பை நிறையப் பாசி கொடுத்தார்.

“சின்னதா ஒரு குடில் வைங்க கண்ணு. ஆனா இது எரவலுங்க. மூணு ராசாக்கள் திருநாள் முடிஞ்சா திரும்பி வந்தரணும்.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பாசியை இரவல் கொடுப்பதா? சாக்கைக்கூடத் திருப்பிக் கேட்பீர்களா என்று கிண்டல் செய்தேன். “சாக்கு வேண்டாங்க” என்றார்.

எங்கள் அடுக்குமாடியில் என் குடில் பெரிய பேச்சாகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து தொட்டு, “நிஜமா இது?” என்றார்கள். போட்டோ எடுத்துக் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட்டேன். பண்டிகை முடிந்ததும் பாசியில் கொஞ்சத்தை மூடி போட்ட ஒரு கண்ணாடி ஜாடியில் வைத்தேன். இரண்டு கூழாங்கல்லும் வைத்தபோது குட்டிக் காடு மாதிரி இருந்தது. மிச்சத்தை என்ன செய்தேன் என்று எழுதக் கை கூசுகிறது. குப்பையைப் பிரித்துப் போடுகிற குடியிருப்பு என்பதால் மக்கும் குப்பையில் போட்டேன்.

அடுத்த டிசம்பரில் பக்கத்து வீடுகளும் கேட்டன. நான்தான் ரைட்டருக்குப் போன் செய்தேன். சலித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

“பட்டணத்துக்காரங்களுக்குப் புத்தி வந்துருச்சுங்க! பிளாஸ்டிக் வேண்டாம், நெசம் வேணும்னு கேக்கறாங்க. இல்லைன்னு சொல்லலாமுங்களா?”

சாக்குகள் ஏற்காட்டுப் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கி, அங்கிருந்து சென்னைக்கு வந்தன. காசு என்ற பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுவார். “எரவலுக்கு யாருங்க காசு வாங்குவாங்க? திரும்பி வந்தாப் போதும்” என்பார். அதற்கடுத்த வருஷம் பக்கத்துக் குடியிருப்பும் சேர்ந்துகொண்டது. குடில் வைக்காதவர்கள்கூட ஜன்னல் ஓரத்துக்கு, சாப்பாட்டு மேசை நடுவில் வைக்கிற தட்டுக்கு, பையனுடைய பள்ளிக்கூடக் காட்சிக்கு என்று கேட்டார்கள். எல்லாரும் நல்லவர்கள். யாருக்கும் பிளாஸ்டிக் பிடிக்காது.

ஒரு வருஷம் சாக்கோடு தவளை ஒன்று வந்துவிட்டது. எங்கள் தளத்தில் ஒரு வீட்டுக் குடிலில், ஒட்டகச் சொரூபத்துக்குப் பின்னாலிருந்து டிக் டிக் என்று கத்தியது. குழந்தைகள் குதித்தன. இரண்டு நாள் கத்தியது. மூன்றாம் நாள் சத்தம் இல்லை. யாரும் தேடவில்லை, நானும் தேடவில்லை. ரைட்டரிடம் அதைச் சொல்லவும் இல்லை.

“ஜனவரி ஆனா கஞ்சித்தண்ணிய எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காருங்க” என்று ரைட்டரம்மா ஒருமுறை போனில் சொன்னார். “யாராச்சும் லீவுக்கு வரும்போது கொண்டாருவாங்க, ஒண்ணா ஒட்டிக்கலாமுங்கறாரு.” நான் அப்போதும் சிரித்தேன். கிழவர் வேடிக்கையை விடமாட்டேன் என்கிறார் என்று கணவரிடம் சொன்னேன். ஒரு மனிதர் சொன்ன சொல்லை வருஷக்கணக்காக அப்படியே நம்பி உட்கார்ந்திருப்பார் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

அப்புறம் அந்த ரிசார்ட் கல்யாணம். கோடை விடுமுறைக்கு நான் ஏற்காடு போயிருந்தேன். ரைட்டர் வீட்டுக்கு மேலே மேட்டில் புதிதாக வந்திருந்த ஒரு விடுதியில் யாரோ பெரிய இடத்துக் கல்யாணம். மணமேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க நிஜப் பாசி வேண்டுமென்று கேட்டு, குடிலால் பெயர் பெற்ற ரைட்டரை யோசனை சொல்ல அழைத்திருந்தார்கள். பாசியை வாழவந்திப் பக்கத்து ஆட்கள் சிலர் ஜீப்பில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். எங்கிருந்து எடுத்தது என்று ரைட்டர் கேட்டார். ஓடைக்கரை மரங்கள் என்றார்கள். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஆனால் மேடையில் விளக்கைப் போட்டதும் அந்தப் பச்சைச் சுவர் எழுந்து நின்ற அழகில் அவரும் மயங்கிவிட்டார். வந்தவர்களெல்லாம் தொட்டுத் தொட்டு “நிஜமா இது?” என்றார்கள். பிளாஸ்டிக் பூ ஒன்றுகூட இல்லாத கல்யாணம் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் அந்த வழியாக நடந்து வந்தோம். விடுதியின் பின்புறச் சரிவில் எச்சில் இலைகளோடும் தண்ணீர் பாட்டில்களோடும் அந்தச் சுவர் கிடந்தது. ரைட்டர் நின்றார். சரிவில் இறங்கினார். நான் கூப்பிடக் கூப்பிடக் கேட்காமல், பாசியைப் பொறுக்கித் தோள் துண்டில் கட்டினார். இரண்டு முறை வழுக்கினார். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கஞ்சித் தண்ணீர் தடவிப் பாறையில் ஒட்டினார். ஒட்டிய வேகத்தில் விழுந்தது. புரட்டிப் பார்த்தோம். பாசியின் அடிப்புறம் முழுக்கப் பசை. மேடைப் பலகையில் ஒட்டுவதற்குப் பூசிய பசை, கண்ணாடி மாதிரி இறுகிப்போயிருந்தது.

அன்றைக்குத்தான் நானும் பாறையைச் சரியாகப் பார்த்தேன். பாறை தெரிந்தது. அவ்வளவு வருஷம் அந்தப் பாறையின் நிறம் என்னவென்று எனக்குத் தெரியாது. இப்போது கன்னங்கரேலென்று, வெயிலில் சூடேறி நின்றது. உச்சியிலும் இடுக்குகளிலும் மட்டும் கொஞ்சம் பச்சை. அதுவும் காய்ந்து சுருண்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் இல்லை. டிராக்டரில் தண்ணீர் வருகிறது என்றார் ரைட்டரம்மா. பொழுது சாய்ந்ததும் காத்திருந்தேன். டிக் டிக் சத்தம் வரவே இல்லை.

என்னைத் தேற்றிக்கொள்ள ஏதாவது சொல்லவேண்டியிருந்தது. “மேலே விடுதிக்காரங்க போர் போட்டிருக்காங்களாமே? மழையும் முன்ன மாதிரி இல்லியே?” என்றேன்.

“போர் போட்டவன் பாவத்தை அவன் சொல்லிக்கட்டும் கண்ணு” என்றார். “கரண்டி புடிச்சது என் கையிங்க.”

உங்கள் கை இல்லை, எங்கள் கை என்று நான் சொல்லியிருக்கவேண்டும். போன் செய்தது நான். படம் போட்டது நான். காப்பி ஆறிப்போய்விடும் என்று மட்டும் சொன்னேன்.

அந்தக் கார்த்திகையில் அவரே போன் செய்தார். அவராகப் போன் செய்வது அதுதான் முதல் தடவை. குரல் கம்மியிருந்தது.

“கண்ணு, அங்க குடுத்ததுல யாருகிட்டயாச்சும் உசுரோட இருக்குதுங்களா? நொம்ப வேண்டாம். கையகலம் இருந்தாப் போதும். அதே பாறைப் பாசின்னா அதே பாறையில புடிச்சுக்கும். ஒரு பக்கம் புடிச்சா மெல்ல மெல்லப் பரவிக்குமுங்க. வேற எடத்துல போயி உரிச்சுக் கொண்டாந்து ஒட்ட எனக்கு மனசில்லை.”

குழுவில் கேட்டுப் பார்த்தேன். போன வருஷமே தூக்கிப் போட்டாச்சு என்றார் ஒருவர். சிரிக்கிற பொம்மை போட்டார் இன்னொருவர். செயற்கைப் பாசி ஆன்லைனில் மலிவு என்று ஒருவர் அக்கறையோடு தகவல் அனுப்பினார். ஆனால் என்னிடம் அந்த ஜாடி இருந்தது. நடுவில் ஒரு கோடையில் அதிலிருந்த பாசி பழுப்பேறிப்போகவே, ஜாடியை நர்சரிக்காரரிடம் சர்வீசுக்குக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் பச்சைப் பசேலென்று திரும்பி வந்தது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் மூடியைத் திறந்து தண்ணீர் தெளித்து வந்தேன். என்னால் ஆன பிராயச்சித்தம் என்று எண்ணம்.

“என்கிட்ட இருக்குங்க! நல்லா பச்சையா இருக்கு” என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “மாதா உங்களைக் காப்பாத்துவாங்க கண்ணு” என்றார்.

டிசம்பரில் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு ஏற்காட்டுப் பஸ்ஸில் ஏறினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டேன். இரவல் வாங்கியவர்களில் நான் ஒருத்திதான் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்ற கர்வம் இருந்தது. அதை மறைப்பானேன்?

ரைட்டர் வாசலில் நின்றிருந்தார். இளைத்திருந்தார். முன்னறையில் குடில் கட்டியிருந்தார். தரை வெறும் கல். சொரூபங்கள் எல்லாம் கல்மேல் நின்றன. பின்பக்கம் பாறையில், இன்னும் லேசாகக் கசிவு இருக்கிற ஒரே இடத்தில், ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு வெயில் படாமல் மறைத்திருந்தார். கிண்ணத்தில் கஞ்சித் தண்ணீர் தயாராக இருந்தது.

ஜாடியை வாங்கி மூடியைத் திறந்தார். இரண்டு விரல்களை உள்ளே விட்டுப் பாசியைப் பிடித்து லேசாக நசுக்கினார். பாராட்டப் போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் மூக்குக்குப் போகப் பாதி வழி வந்தன. அங்கேயே நின்றன. என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

“நல்லா வளத்தியிருக்கறீங்க கண்ணு” என்றார்.

பாசியை வெளியே எடுத்து, அடியில் கஞ்சித் தண்ணீர் தடவி, சாக்கை விலக்கிப் பாறையில் வைத்து உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தார். குவளையில் தண்ணீர் மொண்டு மெதுவாகத் தெளித்தார். தண்ணீர் அதன்மேல் முத்து முத்தாக நின்றது. பிறகு உருண்டு கீழே விழுந்தது. ஒரு துளிகூட உள்ளே போகவில்லை.

பாசி தண்ணீரைக் குடிக்கும். எத்தனை ஜனவரி அதை இதே இடத்தில் பார்த்திருக்கிறேன்! தெளித்த மறுகணம் இருண்டு, உப்பி, உயிர் வந்த மாதிரி நிற்கும். இது குடிக்கவில்லை. நர்சரிக்காரர் செத்ததை எடுத்துப் போட்டுவிட்டுக் கடைச் சரக்கை வைத்துக் கொடுத்திருக்கிறார். நான் ஞாயிறுதோறும் பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் தெளித்திருக்கிறேன். அவர் தொட்டபோதே தெரிந்துகொண்டார் என்பது அப்புறம்தான் உறைத்தது. மாதாவின் கழுத்து மாலையைக் கழற்றிய கை அது.

“புடிச்சுக்குமுங்களா?” என்று பின்னாலிருந்து கேட்டார் ரைட்டரம்மா.

“புடிச்சுக்கும், புடிச்சுக்கும்” என்றார் அவர், துண்டில் கையைத் துடைத்தபடி. என் பக்கம் திரும்பவில்லை.

நான் அப்போது பேசியிருக்கவேண்டும். வாயில் வார்த்தை வந்தது. அவர் எனக்காக ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறார், அதை உடைப்பதா என்று ஒரு சமாதானமும் கூடவே வந்தது. இந்த மாதிரிச் சமாதானங்களுக்கு என்னிடம் எப்போதும் பஞ்சமில்லை. கிளம்பும்போது ரைட்டர் ஜாடியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நகத்தால் ஒருமுறை சுண்டினார்.

“பத்திரமா கொண்டு போங்க கண்ணு. நல்ல கண்ணாடி. நெசக் கண்ணாடி.”

இறங்குகிற பஸ்ஸில் காலி ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்து இருக்கைக்காரம்மா தலைசுற்றல் என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

அதற்கடுத்த டிசம்பருக்கும் அதற்கடுத்ததற்கும் அவர் இருந்தார். பிறகு ஒரு மழைக்காலத்தில் போய்விட்டார். எனக்குச் செய்தி தாமதமாகத்தான் கிடைத்தது. துக்கம் கேட்கப் போனபோது ரைட்டரம்மா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார்.

பாறையில் நான் கொண்டுபோன துண்டு அப்படியே ஒட்டியிருந்தது. நாலு பக்கமும் சிமெண்டு வைத்துப் பூசியிருந்தார். வாடவில்லை. அந்தக் கருத்த பாறையில் கண்ணை உறுத்துகிற பச்சை அது ஒன்றுதான்.

“தெனமும் பொழுதோட தண்ணி தெளிச்சாருங்க” என்றார் ரைட்டரம்மா. “படுக்கறதுக்கு மொத நாளு வரைக்கும். ‘ஏனுங்க, இது வளரவும் மாட்டேங்குது, வாடவும் மாட்டேங்குது, இதுக்குப் போயி ஊத்தறீங்களே’ன்னு கேட்டேன். ‘நான் பாறைக்குத்தான் ஊத்தறேன்’னாருங்க. இப்ப நான் ஊத்தறேன். அவரு நெனப்பா இது ஒண்ணுதானுங்க இருக்குது.”

குவளையை என்னிடம் நீட்டினார். “நீங்க கொண்டாந்ததுதானே கண்ணு. நீங்களே ஊத்துங்க.”

இப்போதும் நான் சொல்லவில்லை. குவளையை வாங்கி, அந்தப் பச்சைத் துண்டை விட்டுத் தள்ளி, வெறும் பாறைமேல் ஊற்றினேன். தண்ணீர் வழிந்து இறங்கியது. துண்டுக்குக் கீழே, அவர் வருஷக்கணக்காக ஊற்றிய தண்ணீர் ஓடி ஓடித் தடம் விழுந்திருந்த இடத்தில், பாறைமேல் மெல்லியதாக ஒரு பச்சை படிந்திருந்தது. குனிந்து பார்த்தேன். பாசி துளிர்க்கிறதோ, இல்லை நான் கொண்டுவந்த பிளாஸ்டிக்கின் சாயம்தான் கரைந்து இறங்கியிருக்கிறதோ, கண்ணால் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு விரலால் தொட்டால் தெரிந்துவிடும். ரைட்டர் தொட்டிருப்பார். நான் தொடவில்லை.